கடல் கொண்ட நிலையம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் பேச வேண்டிய மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஓர் இரயில்வே எழுத்தனை நிறுத்தியிருக்கிறீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆதலின் என் தொழிலை ஒட்டிய ஒன்றையே பேச அனுமதி வேண்டுகிறேன். தொழில் என்றேன், அதுவே இவ்வூரில் நகைப்புக்கு இடமானது. தண்டவாளமே இல்லாத தீவில் புகைவண்டிச் சீட்டு விற்பவன் நான். காட்டு மரங்களை இழுத்து வருவதற்காக முன்னொரு காலத்தில் இத்தீவுகளில் டிராம் பாதைகள் இருந்தன. போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளத்திற்குப் புகைவண்டிப் பாதை அமைக்கும் திட்டமும் 2017-ஆம் ஆண்டையொட்டிப் பெரிதும் பேசப்பட்டது. பேச்சோடு சரி. இன்றும் இங்குள்ள நம் குழந்தைகள் பலர் கப்பலையும் விமானத்தையும் முதலில் பார்த்துவிட்டு, அதன் பின்னரே, சென்னைக்குப் போகும்போது, புகைவண்டியைப் பார்க்கிறார்கள். அந்தப் புகைவண்டியிலும் இப்போது புகை இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

பெயர் மட்டும் நிற்கும் ஒரு நிலையத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்குக் காரணமாக இருந்தவர் ஒரு மூதாட்டியார்.

சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓயாத ஒரு முற்பகலில், என் சன்னலுக்கு முன் அவர் வந்து நின்றார். பேரன் உடன் இருந்தான். கச்சால் தீவிலிருந்து வந்த குடும்பம் என்றார்கள். அவர் பேச்சில் இலங்கைத் தோட்டத்துத் தமிழின் சாயல் தெரிந்தது. பேரன் நீட்டிய படிவத்தில் சென்னையிலிருந்து இராமேசுவரம் என்று எழுதியிருந்தது. நான் அதை உரக்கப் படித்ததும் மூதாட்டியார், "இராமேசுவரம் இல்லை ஐயா, தனுக்கோடிக்குப் போடுங்கள். ஏழு வயதில் அப்பாவோடு கப்பல் ஏறின இடம்" என்றார்.

"அம்மா, தனுஷ்கோடிக்கு வண்டி இல்லை. நிலையமே இல்லை" என்றேன்.

"நிலையம் எங்கே போயிற்று? நாங்கள் திரும்பி வரும்போது இராமேசுவரத்தில் இறக்கினார்கள். துறையை மாற்றிவிட்டார்கள் என்றல்லவா எண்ணியிருந்தேன்?"

"கடல் கொண்டுபோய்விட்டது அம்மா."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கேயுமா?" என்று மட்டும் கேட்டார். கச்சாலில் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் என்ன நடந்தது என்பதை இந்த மன்றத்தில் நான் விளக்கத் தேவையில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு நகரும்போது அவர் மற்றொன்றும் கேட்டார்: "அங்கே கணக்குப் புத்தகத்தில் எங்கள் அப்பா பெயர் இருந்திருக்குமே ஐயா, அதையும் கடல் கொண்டுபோயிற்றா?" வரிசை நீண்டிருந்தது. நான் விடை சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்ட விடையைத் தேடிப் படித்ததும், நேரில் போய்ப் பார்த்ததுமே இன்றைய என் உரை.

அன்பர்களே! இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனை கடலுக்குள் ஒரு விரலைப்போல் நீண்டு ஒடுங்குகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல்; மறுபக்கம் மன்னார் வளைகுடா. அப்பகுதி மக்கள் அமைதியான முன்னதைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவர். இராமபிரான் தம் வில்லின் நுனியால் அணையை உடைத்த இடம் ஆதலின் தனுஷ்கோடி என்று பெயர் வந்தது என்பது புராண வழக்கு. காசிக்குப் போனவர் சேதுவில் நீராடாமல் யாத்திரையை முடிப்பதில்லை. ஆயினும் ஊரைப் பெரிதாக்கியது யாத்திரை அன்று. இலங்கைக்குச் செல்லும் வழியே அதனைப் பெரிதாக்கிற்று.

அதற்கு முன் இலங்கைக்குப் போவோர் தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்குவர். தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியார் மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-ஆம் ஆண்டில் பாதை போட்டார்கள். நடுவே கடல். அதன்மேல் 145 கண்களும், கப்பல் வந்தால் இரு கைகளைப்போல் மேலே தூக்கித் திறக்கும் ஒரு நடுப்பகுதியும் கொண்ட பாம்பன் பாலத்தைக் கட்டி, 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் திறந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. பெரிய பாதை தனுஷ்கோடிக்குப் போயிற்று. உலகப் புகழ் பெற்ற திருக்கோயில் உள்ள இராமேசுவரத்திற்குப் போனதோ கிளைப்பாதைதான். கம்பெனியாரின் கண் எதன்மேல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தனுஷ்கோடித் துறையில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் காத்திருக்கும். பிற்காலத்தில் இர்வின், கோஷன் என்னும் கப்பல்கள் ஓடின. மறுகரையிலுள்ள தலைமன்னார் ஏறத்தாழ 22 மைல். சில மணி நேரப் பயணம். அங்கே மற்றொரு புகைவண்டி நிற்கும். எழும்பூரில் மாலையில் ஏறியவர் மறுநாள் பிற்பகல் கப்பலில் இருப்பார். அதற்கு மறுநாள் காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கிவிடுவார். வண்டி, கப்பல், மீண்டும் வண்டி, இம்மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. கடலைக் கடக்கும் புகைவண்டிச் சீட்டு என்பதை நினைக்கும்போது, சீட்டு விற்பவனாகிய எனக்கு இன்றும் ஒரு பெருமிதம் உண்டாகிறது. அந்த வண்டிக்குத்தான் போட் மெயில் என்று பெயர் வந்தது. கப்பல் நின்று பல்லாண்டுகள் ஆனபின்னும், எழும்பூரிலிருந்து இராமேசுவரம் போகும் வண்டியை மக்கள் இன்றும் போட் மெயில் என்றே அழைக்கிறார்கள்.

முதல் வகுப்பில் துரைமாரும் செட்டிமார்களும் வணிகர்களும் சென்றார்கள். மூன்றாம் வகுப்பில் சென்றவர்களே பெருங்கூட்டம். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமாருடன் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் அவை. மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் வைத்திருந்த முகாமில் அவர்களைச் சில நாள் தங்கவைத்து, நோய் உண்டா என்று சோதித்து, அதன் பின்னரே கப்பலுக்கு அனுப்பினார்கள்.

இங்கே என் தொழிலுக்குரிய ஒரு செய்தி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளருக்குத் தகரச் சீட்டு என்றொரு முறை இருந்தது. சிறிய தகர வில்லை; அதில் மாவட்டத்திற்கு ஓர் எழுத்தும், தோட்டத்திற்கு ஓர் எண்ணும், ஆளுக்கு ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். அதைக் காட்டினால் வழிச்செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். கூலிக்குக் கையில் காசு வேண்டாம் என்று இதனை ஒரு வசதியாகச் சொன்னார்கள். வில்லையில் ஊர் இல்லை. தந்தை பெயர் இல்லை. அவன் பெயரும் இல்லை. வழிச்செலவோ அவன் பேரில் கடனாக நிற்கும்.

நிலையத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், அஞ்சல் தந்தி நிலையம், இரயில்வே மருத்துவமனை, பஞ்சாயத்து மருந்தகம், உயர் தொடக்கப்பள்ளி, தேவாலயம், இரயில்வேக்காரர் குடியிருப்பு ஆகிய எல்லாம் மணல் மேல் எழுந்தன. நம் காலனியைப்போல் வேலைக்காக வந்து சேர்ந்தவர்களின் ஊர் அது. வேலை இருந்தமையால் ஊர் இருந்தது.

இனி அந்த இரவுக்கு வருவோம்.

அந்தப் புயல் எங்கே பிறந்தது என்று படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 1964 டிசம்பர் 17-ஆம் நாள், தெற்கு அந்தமான் கடலில், அதாவது நிக்கோபாருக்கு அருகே நம் வாசலில், அது ஒரு தாழ்வு மண்டலமாகத் தோன்றிற்று. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் புயல் தோன்றுவது அரிது என்பர். 19-ஆம் நாள் கடும்புயலாயிற்று. பிறகு மேற்கு நோக்கி ஏறத்தாழ நேர்க்கோட்டில், நாளொன்றுக்கு 250 முதல் 350 மைல் வேகத்தில் சென்றது. 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்று நள்ளிரவையொட்டித் தனுஷ்கோடியில் மோதிற்று. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் என்றும், அலையின் உயரம் 20 அடிக்கு மேல் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர் மாதத்தில், நம்மை வந்து தாக்கிய ஆழிப்பேரலை வேறு வகையைச் சார்ந்தது. அது நிலநடுக்கத்தால் வந்தது. காரணம் வேறு, கடல் ஒன்றே. மூதாட்டியார் "அங்கேயுமா?" என்று கேட்டது எவ்வளவு பொருத்தம் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு 11 மணி 55 நிமிடத்திற்குப் பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அதில் 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள் என்பது பதிவு. நிலையத்திற்குச் சில நூறு கஜ தூரத்தில் அலை வண்டியை முழுவதுமாகக் கவிழ்த்துக்கொண்டது. கைகாட்டி வேலை செய்யவில்லை என்றும், ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்து, பின் நீளமாக ஊதிவிட்டு இருளில் வண்டியைச் செலுத்தினார் என்றும் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். வண்டியில் இருந்த ஒருவரும் பிழைத்து வரவில்லை. ஆதலின் அந்த ஊதலைப் பற்றி நான் உறுதி கூறமாட்டேன். நம்புவதற்கு எனக்கும் விருப்பம்தான். ஆனால் விருப்பம் பதிவேட்டில் ஏறாது.

110 என்னும் எண்ணைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேச எனக்கு உரிமை உண்டு. அஃது எப்படிக் கிடைக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அக்காலத்தில் கணிப்பொறி இல்லை. சிறிய அட்டைச் சீட்டுகள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் வரிசை எண். எழுத்தர் சீட்டை உருவி, தேதி குத்தும் பொறியில் இரு முனையையும் அழுத்தி, சன்னல் வழியே தள்ளுவார். வண்டி போனதும் ஒவ்வொரு கட்டிலும் மிஞ்சியிருக்கும் முதற் சீட்டின் எண்ணைப் பார்ப்பார். வண்டிக்கு முன் இருந்த எண்ணை அதிலிருந்து கழித்தால் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது வந்துவிடும். இந்தக் கழித்தல் கணக்கு காசுக்காக ஏற்பட்டது, ஆளுக்காக அன்று. தாய் மடியில் இருந்த கைக்குழந்தைக்குச் சீட்டு இல்லை. இலவச அனுமதியில் செல்லும் ஊழியர் குடும்பத்திற்குக் கட்டிலிருந்து சீட்டு உருவப்படுவதில்லை. மழைக்கு ஒதுங்கிக் கடைசி நொடியில் தாவி ஏறியவருக்கும் இல்லை. ஆகவேதான் உண்மையில் மாண்டவர் அதைவிட மிகுதி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 110 என்பது சீட்டுக் கணக்கு. தலைக் கணக்கு அன்று. அந்த எண்ணில் எத்தனை ஆண், எத்தனை பெண், எந்த ஊரார் என்பது எதுவும் இல்லை.

பாம்பன் நிலையத்தில் அன்றிரவு சன்னலுக்குள் அமர்ந்து அச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் குத்திக் கொடுத்த எழுத்தர் யாரோ, நான் அறியேன். மறுநாள் காலையில் அவர் அந்தக் கட்டுகளை எடுத்து எண்ணைக் கழித்துப் பார்த்திருப்பாரே, அந்த நேரத்தை நினைத்தால் எனக்குக் கை ஓடுவதில்லை.

செய்தி வெளியே வரவும் நாளாயிற்று. தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டன. பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்களை அலை பெயர்த்துக் கடலில் தள்ளிவிட்டது. திறந்து மூடும் நடுப்பகுதி மட்டும் நின்றது. அப்புயலில் மாண்டோர் 1800-க்கும் மேற்பட்டவர் என்று பொதுவாகக் கூறுவர். அதுவும் ஒரு மதிப்பீடே.

பிறகு நடந்ததில் பெருமைக்குரியது ஒன்றும், வருத்தத்திற்குரியது ஒன்றும் உண்டு. பாலத்தைச் செப்பனிட ஆறு மாதம் என்று முதலில் கெடு வைத்து, பின்னர் அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். முப்பத்திரண்டு வயதான பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் அவர்களிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. கடலுக்குள் கிடந்த உத்தரங்களைத் தேடி எடுத்து மீண்டும் ஏற்றி, 46 நாளில் முடித்துவிட்டார். பிற்காலத்தில் கொங்கண் இரயில்வேயையும் தில்லி மெட்ரோவையும் அமைத்தவர் அவரே. ஆனால் செப்பனிட்ட பாதை இராமேசுவரத்தோடு நின்றது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசாங்கம் அறிவித்தது. அதுவரை பெரிய பாதையாக இருந்தது இல்லாமற் போய், கிளைப்பாதையே பெரிய பாதையாயிற்று. கப்பலும் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்படலாயிற்று. இலங்கையில் பூசல் மூண்ட 1980-களில் அதுவும் நின்றது.

மூதாட்டியார் வந்து சென்றதற்குப் பின் கிடைத்த விடுமுறையில் குடும்பத்துடன் நான் தனுஷ்கோடிக்குப் போனேன். முன்பெல்லாம் மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்துவிட்டார்கள். நிலையத்தில் எஞ்சி நிற்பவை பவளப்பாறைக் கற்களால் ஆன சில சுவர்கள். அருகே தண்ணீர்த் தொட்டி நின்ற தூண்கள். தொலைவில் கூரையற்ற தேவாலயம். சங்கு, சோழி விற்கும் பெண்கள். மீன் வறுக்கும் கடைகள். சுற்றுலா வந்தவர்கள் இடிந்த சுவர்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் சினந்துகொள்ளவும் மனம் வரவில்லை. அவர்களில் எவருக்கும் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று சொல்வார் இல்லை. நான் சீட்டுக் கொடுக்கும் அறை எதுவாக இருக்கும் என்று தேடினேன். சுவரில் மார்பளவு உயரத்தில் ஒரு திறப்பு இருந்தது. அதுதான் என்று என் மகனுக்குக் காட்டினேன். அதுவாக இல்லாமலும் இருக்கலாம். அவன் அதன் வழியே கையை நீட்டி, "அப்பா, சென்னைக்கு ஒரு சீட்டு" என்றான். என் மனைவி அவனை அதட்டி அப்பால் அழைத்துச் சென்றாள்.

கைவிடப்பட்ட நிலையங்கள் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டில் டாக்டர் பீச்சிங் என்பார் ஓர் அறிக்கை எழுதினார். வருவாய் போதாது என்ற காரணத்தால் 2,363 நிலையங்களை மூடச் சொன்னார். அதன்படி நாட்டுப்புறத்துச் சிறு நிலையங்கள் பல மூடப்பட்டன. அவ்வூரார் சும்மா இருக்கவில்லை. தம் சிறு நிலையத்தில் எந்த ஆண்டில் யார் நிலைய அதிகாரி, எத்தனை பால்குடம் ஏறிற்று, கடைசி வண்டியில் யார் யார் சென்றார்கள் என்று தேடித் தேடி எழுதிவைத்தார்கள். சில நிலையங்கள் இன்று வீடாகவும் தேநீர்க் கடையாகவும் இருக்கின்றன; அவற்றின் வரலாறோ அச்சிட்ட நூலாக நூலகத்தில் இருக்கிறது. நாளைக்குப் பத்துப் பேர் ஏறி இறங்கிய நிலையத்திற்கு அங்கே நூல் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கட் கூட்டமே கடந்து சென்ற தனுஷ்கோடிக்கு நம்மிடம் என்ன உண்டு? புயலைப் பற்றிய கட்டுரைகள் உண்டு. புயல் ஓர் இரவு. நிலையம் வாழ்ந்ததோ ஐம்பது ஆண்டு.

மறுகரையையும் சொல்லிவிடுகிறேன். தலைமன்னார்த் துறை நிலையமும் அழிந்துதான் போயிற்று. போரின் காரணமாக 1990-இல் அந்தப் பாதை நின்றது. பின்னர் இந்தியாவின் உதவியோடு மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து அங்கே வண்டி வந்து கடலைப் பார்த்து நிற்கிறது. இக்கரையில் தனுஷ்கோடிப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை. பழைய பாம்பன் பாலமும் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்றது. பக்கத்தில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மணல் திட்டின்மேல் மீண்டும் பாதை வேண்டுமா என்பதில் கற்றவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என்னைக் கேட்டால், வண்டி வராவிட்டாலும் பாதகமில்லை என்பேன். அந்த மண் சுமை தாங்காது என்பதைக் கடல் ஒரு முறை சொல்லிவிட்டது.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் யாரேனும் கேட்கக்கூடும். நம்மில் ஒரு பகுதியார் இத்தீவுக்கு வந்த வழி அதுதான் என்பதே என் விடை. புயலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னர், 1964 அக்டோபர் 30-ஆம் நாள், நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவராக நின்ற 9,75,000 தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், மீதிப்பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. மீண்டும் எண்தான், எவரையும் கேட்டு எழுதிய எண் அன்று. தனுஷ்கோடி வழியாகப் போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அவ்வொப்பந்தத்தின்படி திரும்பி வந்தபோது, அவர்களை வரவேற்கத் தனுஷ்கோடி இல்லை. இராமேசுவரத்தில் இறங்கி, மீண்டும் அதே மண்டபம் முகாமுக்குச் சென்றார்கள். பாட்டனைச் சோதித்து அனுப்பிய இடத்தில் பேரனைப் பதிந்து அனுப்பினார்கள். அவர்களில் சில குடும்பங்களை இரப்பர்த் தோட்ட வேலைக்காகச் சென்னையில் கப்பலேற்றிக் கச்சாலுக்குக் கொண்டுவந்தார்கள். மரம் வளர்ந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், வீடு என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் ஆயிற்று. 2004-இல் அந்த மண்ணில் என்ன மிஞ்சியது என்பதை நம்மில் பலர் கண்ணால் கண்டவர்கள். அப்போதும் பெரும்பாலோர் பெயர் முதலில் ஏறியது காணாமற்போனோர் பட்டியலில்தான்.

ஆகவே அந்த மூதாட்டியார்க்கு நான் சொல்லவேண்டிய விடை இது. அம்மா, உங்கள் தந்தையாரின் பெயர் தனுஷ்கோடி நிலையத்தின் கணக்குப் புத்தகத்தில் இருந்திராது. நாங்கள் அக்காலத்தில் எவர் பெயரையும் எழுதியதில்லை. எண்ணை எழுதினோம், காசை எழுதினோம். கடல் கொண்டுபோன புத்தகத்தில் அவர் இல்லை. அவர் இருப்பது உங்கள் நினைவில் மட்டுமே.

இவ்விடையை அவரிடம் நேரில் சொல்லவேண்டும் என்று பின்னர்ப் பேரனைத் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த அம்மையார் காலமாகிவிட்டார். இராமேசுவரம் சென்றார்களா என்று கேட்டேன். சென்றார்கள், அக்னி தீர்த்தத்தில் நீராடினார்கள், தனுஷ்கோடிக்கும் போனார்கள். நிலையத்துச் சுவரைப் பார்த்துப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். கடற்கரைக்குப் போய் நின்றுகொண்டு, "அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக் கப்பலைக் காட்டினார். கப்பல் புகைபோக்கி கறுப்பு" என்றாராம். அப்பாவின் பெயரைக் கேட்டேன். பேரனுக்குத் தெரியவில்லை.

தலைவர் அவர்களே! சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பெரும் பொருட்செலவு எதுவும் இல்லை. நம் நூலகத்தில் ஒரு தடித்த கட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும், தம் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த நிலையத்தில் ஏறி, எந்தத் துறையில் இறங்கி, எந்தக் கப்பலில் இத்தீவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை அதில் எழுத வேண்டும். பெயரோடு எழுத வேண்டும். கச்சாலிலிருந்து வந்தோர் மட்டுமல்லர். 'நிக்கோபார்', 'ஹர்ஷவர்தனா' முதலிய கப்பல்களில் மூன்று நாள் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த நாம் அனைவருமே எழுதலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை நான் வந்து அமர்கிறேன். எழுத்தன் வேலை எனக்குப் பழக்கமானதுதான். தனுஷ்கோடியில் கப்பல் ஏறிய நினைவுள்ளவர்களுக்கு இன்று எழுபது வயதை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகிறது. ஆதலின் அடுத்த ஆண்டு விழா வரை காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புத்தகம் ஒன்று வாங்கி, கோடு போட்டு, இதோ இந்த மேசையின்மேல் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்த அம்மையாரின் பெயரைப் பேரன் எழுதியிருக்கிறார். தந்தை பெயர் என்ற கட்டத்தை விட்டுவைத்திருக்கிறோம். கச்சாலில் அக்குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்கள் யாரேனும் இந்த மன்றத்தில் இருந்தால், விழா முடிந்ததும் என்னை வந்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.